கண்ணை மூடிக் கேட்டவர்கள்

இன்னும் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும், ஆண்டவரே. ஒரே ஒரு மணி நேரம்.

இதை ஜெபம் என்று சொல்ல முடியாது. உதடு அசையாமல் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சபைக் கூடத்தின் சுவரில் படம் காட்ட வெள்ளைப் போர்வையைக் கட்டியிருந்தார்கள். சன்னல்களை மூடியும் மதிய வெயில் இடுக்குகளில் புகுந்து, போர்வையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. முன்வரிசையில் என் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர். ஓரத்து நாற்காலியில் நான். கழுத்தைச் சுற்றிச் சால்வை, வாயில் இருமல் மிட்டாய்.

காலையிலிருந்து பேச்சுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் தொண்டையைத் தொட்டுக் காட்டியிருந்தேன். தொட்டுக் காட்டுவது பொய்யில் சேருமா என்று தெரியவில்லை.

சபை மூப்பர் கையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். போன வாரம் வெளிவந்த கார்ட்டூன் படத்தைப் பிள்ளைகள் வீட்டில் திருட்டுத்தனமாகப் பார்ப்பதைவிட, நம் கண்முன்னால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும் என்பது அவருடைய ஏற்பாடு. மடியில் ஒரு நோட்டு. மேலே ‘இடறல்கள்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது.

“இந்த மாதிரிப் படத்தை எடுக்கிறவன், அதுக்குக் கூடமாட நிக்கிறவன், எவனும் நம்ம பிள்ளைங்க பக்கம் வரக் கூடாது” என்று கமிட்டியில் சொல்லியிருந்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். ஆறு வருடமாக இந்த வகுப்புதான் என் ஞாயிற்றுக்கிழமை.

படத்தில், மூடுபனி மலையில் ஓர் ஆட்டுக்குட்டி தொலைந்துபோகிறது. அதைத் தேடி ஒரு சூனியக்காரி புறப்படுகிறாள்.

மூப்பர் நிறுத்தினார். “தொலைஞ்ச ஆட்டைத் தேடி மேய்ப்பன்தானே வரணும்? இவ எதுக்கு வர்றா?”

“மேய்ப்பனுக்கு ஜலதோஷம், தாத்தா” என்றது ஒரு வாண்டு.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூப்பர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தில் யார் திரும்பினாலும் என்னைப் பார்ப்பதுபோலவே இருந்தது. ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஏன் காதைத் தேய்த்துக்கொள்கிறார்? அவர் மனைவி ஏன் அவரிடம் குனிந்து ஏதோ கேட்கிறாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குத் தொண்டை குறுகுறுத்தது.

சூனியக்காரியின் முகம் போர்வை முழுக்க வரும் இடம். மூப்பர் பதறினார்.

“பிள்ளைங்களா, கண்ணை மூடுங்க! அவ முகத்தைப் பாக்க வேணாம்.”

பதினொரு பேரும் மூடினார்கள். பழக்கதோஷத்தில் கைகளையும் குவித்துக்கொண்டார்கள்.

காதை மூடச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

“பயப்படாத” என்றாள் சூனியக்காரி, ஆட்டுக்குட்டியிடம். “இருட்டெல்லாம் இல்ல. நீதான் கண்ண மூடிட்டிருக்க… கண்ணு.”

முன்பல் இரண்டும் விழுந்த ஒருத்தி, எல்லோரும் ‘ஓட்டை’ என்று கூப்பிடுகிறவள், மெல்ல “ஆமென்” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். மூடிய கண்ணோடு தலையைத் திருப்பினாள். போர்வைப் பக்கம் அல்ல, என் பக்கம்.

ஞாயிறுதோறும் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் கேட்பது ஒரே ஒரு குரலைத்தான்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று நான் அந்த வசனத்தைப் பேசி ஏழு மாதம் ஆகிறது. முதலில் பயங்கரமாகப் பேசிக் காட்டினேன். “அதெல்லாம் வேணாம்மா, உங்க சொந்தக் குரல்லயே பேசுங்க, அதுவே போதும்” என்றார் டப்பிங் இயக்குநர். எது போதும் என்று நான் கேட்கவில்லை. வசனம் முடிந்த பிறகும் சூனியக்காரியின் உதடு கொஞ்சம் அசைந்தது. எதையாவது போட்டு நிரப்பச் சொன்னார்.

‘கண்ணு’ என்றேன். பிள்ளைகளை அப்படியே கூப்பிட்டுப் பழகியவள், வேறு எந்த வார்த்தை வரும் எனக்கு?

மூப்பர் படத்தை நிறுத்தினார். விளக்கைப் போட்டார். அவர் முகத்தில் உண்மையாகவே கவலை இருந்தது.

“சிஸ்டர், பிள்ளைங்க பயந்திருக்கும். தொண்டை முடியலன்னாலும் பரவால்ல, ரெண்டே வார்த்தை. அந்தக் குரல்ல இருக்கிற கெட்ட ஆவியைக் கட்டி ஒரு ஜெபம் பண்ணிடுங்க. நீங்க சொன்னாதான் இதுங்க அடங்கும்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் கண்ணை மூடினார். ஆர்மோனியக்காரர் மூடினார், அவர் மனைவி மூடினாள், பிள்ளைகள் மூடினார்கள். கூடம் முழுக்க என் குரலுக்குக் காத்திருந்தது.

வழக்கம்போலத் தொண்டையைத் தொட்டுக் காட்டலாம் என்று கை எழுந்தது.

ஓட்டை ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சரியா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அந்தச் சூனியக்காரி ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் போவாள். மூப்பர் அந்த இடம் வரை பார்க்கவில்லை.

கையை மடியில் இறக்கி வைத்தேன்.

மாட்டேன் என்று தலையை அசைத்தேன்.

கூடத்தில் அதைப் பார்த்தது ஒரே ஒரு கண்.