மூன்றாவது வளைவு

"டெர்வ்லா, உன் குழாய் மக்கர் பண்ணுது," என்றார் டாக்டர் ஃபெர்கல்.

டெர்வ்லா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எதிரே திரையில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வழியாக உள்ளே போன கதீட்டர், அதன் வலப்பக்க ரத்தக்குழாயின் மூன்றாவது வளைவில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த மெல்லிய குழாயின் நுனியை வடிவமைத்தவள் அவள்தான்.

வளைவுக்கு அப்பால் அடைப்பு. அடைப்புக்கு அப்பால் இதயத் தசை ரத்தமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. குழாய் போய்ச் சேராவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டும். காலையில் வந்த மாரடைப்பு அதுவரை பொறுத்துக்கொள்ளுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியே தாழ்வாரத்தில் கணவர் டோனல் காத்திருந்தார். "ஒண்ணும் ஆகாது. உள்ள போகப்போறது நான் செஞ்ச குழாய்," என்று அறைக்குள் வருமுன் டெர்வ்லா அவரிடம் உறுதி சொல்லியிருந்தாள். அழுது சிவந்த கண்களோடு அவர் வெறுமனே தலையாட்டினார்.

குழாய் செய்கிறவர்கள் அது இதயத்துக்குள் போகும்போது டாக்டரின் பக்கத்தில் நின்று பார்ப்பது அயர்லாந்தின் கால்வே நகரில் வழக்கம்தான். எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈய அங்கி மாட்டிக்கொண்டு, இதே அறையில், இதே ஃபெர்கலோடு அவள் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூட இப்படிப் பயந்ததில்லை.

"வளைஞ்சு வளைஞ்சு போற கொனமாரா ரோடே தோத்துது போ. ஒரு ரத்தக்குழாய் இப்படியா வளையும்?" என்று முணுமுணுத்தார் ஃபெர்கல்.

"ரோட்டை ஏன் குறை சொல்றீங்க? ஓட்டுறவர் மேயோக்காரர். கடைசி நிமிஷத்துல கோட்டை விடுறது உங்க ஊர் ஃபுட்பால் ஆட்டக்காரங்க பழக்கம்."

நர்ஸ் ப்ரீடா முகமூடிக்குள் சிரித்தாள். திரையில் படம் குலுங்கியது. ஃபெர்கல் கையை நிறுத்தி, படம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இந்த நுனி ரொம்ப தொளதொளன்னு இருக்கும்மா. பழைய குழாய்னா ஒரே தள்ளு, போயிருக்கும். ப்ரீடா, பழசுல ஒண்ணு எடு."

"வேணாம்." டெர்வ்லாவின் குரல் உயர்ந்தது. படம் மறுபடி குலுங்கியது. "பழசு விறைப்பா இருக்கும். அந்த வளைவுல தள்ளுனா சுவர் கிழிஞ்சுடும்."

இதே சண்டையைத்தான் அவள் கம்பெனியில் மூன்று வருடம் போட்டாள். டாக்டர்கள் கைக்கு அடங்குகிற குழாயைத்தான் கேட்கிறார்கள் என்றார்கள் விற்பனைப் பிரிவில். "குழாய் டாக்டருக்குள்ளயா போகுது?" என்று கேட்டாள் அவள். கடைசியில் விற்பனைப் பிரிவு இறங்கிவந்தது. நுனி மென்மையானது.

தொழிற்சாலையின் ரப்பர் இதயத்தில் அது எத்தனை வளைவானாலும் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ரப்பர் இதயம் மூச்சு வாங்காது. பயப்படாது.

அவள் நெஞ்சு கல்லாகக் கனத்தது. நெற்றியில் வேர்வை துளிர்க்க, ப்ரீடா ஒரு துணியால் ஒற்றி எடுத்தாள்.

ஃபெர்கலின் விரல்கள் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் நுனி துள்ளிய விதமே அவை என்ன செய்கின்றன என்று காட்டிக்கொடுத்தது. திருப்புகிறார், நுனி திரும்பவில்லை என்றதும் உடனே மறுபடி திருப்புகிறார். விறைப்பான குழாயில் பழகிய கை.

"ஃபெர்கல், அவசரப்படாதீங்க. இது மெத்துனு இருக்கு. நீங்க இங்க குடுக்குற முறுக்கு அந்த நுனிக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அரைச் சுத்து திருப்பிட்டு அப்படியே பிடிச்சுக்குங்க. ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்."

"டீயை வச்சு நேரம் சொல்ற இன்ஜினியர் நீ ஒருத்திதான். அப்பவும் போகலைன்னா?"

அவள் உதட்டைக் கடித்தாள். "போகலைன்னா பழசையே எடுங்க. நான் தடுக்க மாட்டேன்."

ஃபெர்கல் அரைச் சுற்று திருப்பிப் பிடித்துக்கொண்டார். நுனி அசையவில்லை. பின்னால் ப்ரீடா பழைய குழாயின் உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. இதயத்துடிப்பைக் காட்டும் கருவி தாளம் தப்பி ஒருமுறை ஒலித்தது.

டெர்வ்லா கண்களை மூடிக்கொள்ள நினைத்தாள். முடியவில்லை.

திரையில், தூக்கம் கலைந்த குழந்தையைப் போல, நுனி மெல்லத் தலை திருப்பியது. வளைவின் சுவரைத் தடவியபடி வழுக்கியது. மூன்றாவது வளைவைத் தாண்டி, அடைப்பின் வாசலில் போய் நின்றது.

ப்ரீடா உறை பிரிப்பதை நிறுத்தினாள்.

டெர்வ்லாவால் அடக்க முடியவில்லை. "பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல, அந்த நுனி..."

படம் பலமாகக் குலுங்கியது. திரையிலிருந்து கண் எடுக்காமல் ஃபெர்கல் சொன்னார்:

"பேசாம படு டெர்வ்லா. நீ வாயைத் திறந்தாலே உன் இதயம் ஆடுது."