பீரோக் கண்ணாடி

செல்லூர்ப் பட்டறையில் பிற்பகல் வெயில் தகரக் கூரையின் இடுக்கு வழியே இறங்கி, விற்பனைக்கு நிற்கும் பீரோக்களின் கண்ணாடிகளில் பட்டுச் சிதறுகிறது. புதுப் பெயிண்ட் வாடை. பக்கத்துச் சந்தில் விசைத்தறிகள் ஓயாமல் அடிக்கின்றன. பட்டறைக்காரர் நைனா முகமது மேசை மேல் இருக்கும் லேப்டாப்பின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். முதல் வெப்சைட்டைச் செய்தவன் அதைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு, பாஸ்வேர்டையும் தராமல் போய்விட்டான். கடைப் போர்டில் எழுதியிருக்கும் முகவரியைத் தட்டினால் இன்று வேறு யாரோ விற்கும் பீரோக்கள் வருகின்றன. முகூர்த்த மாதம் அப்படியே கழிந்துவிட்டது. புதிதாகச் செய்து தர விளாங்குடியிலிருந்து முனீஸ்வரி வந்திருக்கிறாள். இவளையாவது நம்பலாமா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "பீரோ வித்தா ரெண்டு சாவியையும் கையில குடுத்துருவோம்மா. ஒண்ண நாங்க வச்சுக்கிட்டா அது யாவாரமில்ல," என்கிறார் மெதுவாக. "இதுவும் அப்படித்தேன் பாய். உங்க பேர்லயே பதியுறேன். பாஸ்வேர்ட நீங்களே போடுங்க, எனக்குத் தெரிய வேணாம்." சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பி, அவருக்கு முதுகு காட்டி உட்காருகிறாள்.

பெயிண்ட் படிந்த ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவள் முகத்துக்கு நேரே நிற்பவை பீரோக்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் அவருடைய மேசை, அவருடைய விரல். நைனா முகமது மெல்ல நிமிர்ந்து, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கிறார். அவள் கண்களை இறுக மூடியிருக்கிறாள். விரல் அடுத்த எழுத்தைத் தேடுகிறது.