நாலு பத்திலிருந்து ஐந்து ஐம்பத்தைந்து வரை

உடனே பதில் சொன்னாரா, தயங்கினாரா என்பது இப்போது வேதமுத்துவுக்கு உறுதியாக நினைவில்லை.

தயங்கியிருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் நினைவிருக்கிறது.

டெல்லி. விருது விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. கம்பளத்தின் மேல் சாக்பீஸ் கோடு. குடியரசுத் தலைவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மேஜர், கையில் வெறும் பதக்கப் பெட்டியோடு.

ஹவில்தார் வேதமுத்து அலுவலக எழுத்தர். பதினோரு வருடமாக டெல்லியில் தட்டச்சு வேலை. தமிழ் தெரியும் என்பதால் அன்று பதக்கம் வாங்க வந்த கன்னியம்மாளுக்குத் துணையாகப் போட்டிருந்தார்கள்.

அவள் மகன் தாமோதரன் காலாட்படைச் சிப்பாய். இருபத்திரண்டு வயது. மலைமுகட்டில் எதிரியின் பதுங்குகுழியைப் பிடித்து, அங்கேயே இறந்தவன்.

அவன் செய்ததை ஒலிபெருக்கியில் இந்தியில் வாசித்தார்கள். நீளமாக இருந்தது.

"உங்க மகன் ரொம்பத் தைரியமா நின்னிருக்கார்மா. கடைசி வரைக்கும் துப்பாக்கிய விடல."

அவ்வளவுதான் வேதமுத்து சொன்னார்.

உடனே உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது என்று அவளுக்கு முன்பே ஒரு கடிதம் போயிருந்தது. அது போன்ற கடிதங்களை அவரே தட்டச்சு செய்திருக்கிறார். எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும்.

அவள் அவர் கையிலிருந்த விருதுக் குறிப்புத் தாளை வாங்கினாள். ஆங்கிலம். விரல் எழுத்துகளைத் தாண்டித் தாண்டிப் போய் ஓர் எண்ணில் நின்றது.

0410.

"எங்க வூட்டுக்காரரு ரயில்வே கேட் கீப்பர் தம்பி. இந்த டைமெல்லாம் எனக்குத் தெரியும். நாலு பத்துக்கு என்னா ஆச்சி?"

"குண்டு பட்டிருக்கு."

விரல் இரண்டு வரி இறங்கியது. 0555.

"அஞ்சு அம்பத்தஞ்சுக்கு?"

உயிர் பிரிந்த நேரம். அவர் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

அவள் தாளை மடித்தாள். மீண்டும் பிரித்தாள்.

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையில் இன்னும் நான்கு குடும்பங்கள்.

"அதுவரிக்கும் அவங்கூட யார்னா இருந்தாங்களா?"

'ஒற்றை ஆளாக' என்று தாளில் இருந்தது. பதக்கமே அந்த வார்த்தைக்காகத்தான்.

"நான் இருந்தேம்மா."

அவள் அவருடைய மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தாள். மை படிந்த விரல்களைப் பார்த்தாள்.

"தண்ணி கேட்டானா?"

"கேட்டார். குடுத்தேன்."

"உனக்கு ஒண்ணும் ஆவலியா?"

அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

யாரோ இருமினார்கள். கம்பளத்தின் அந்த முனையில் மேஜர் பெட்டியை நீட்டியபடி நின்றார்.

அவள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.



"சரி. எந்தக் கோடு, காட்டு."

நடந்தாள். கோட்டில் சரியாக நின்றாள்.

மறுநாளும் அப்படியே நின்று பதக்கத்தை வாங்கிக்கொண்டாள். அழவில்லை.

மேஜர் கர்னலாகி ஓய்வு பெற்றார். வேதமுத்து, போர்முனை பார்க்காமலே ஓய்வு பெற்று, நாகர்கோவிலுக்கு வந்துவிட்டார். கன்னியம்மாள் ஏழு வருடம் கழித்து ஜோலார்பேட்டையில் மகள் வீட்டில் இறந்தாள். மகள் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தாள்.

கடைசியில் அவன் பக்கத்தில் ஆள் இருந்தது என்று ஊரில் எல்லாரிடமும் சொல்வாளாம்.

யார் என்று கேட்டால் மட்டும் பெயர் சொல்லமாட்டாளாம்.