மனித மாதிரி அல்ல

"மூணாவது தடவை! இப்ப என்ன வந்திருக்கு தெரியுமா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாள் தங்கை.

லாரி மெக்கானிக் அண்ணன் நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"'மனித மாதிரி அல்ல'ன்னு வந்திருக்கு."

அண்ணன் சுவர்க் கண்ணாடியை எட்டிப் பார்த்தான். "ஏன், நான் மனுஷன் மாதிரி இல்லையா?"

"சிரிக்காதே. நீ அனுப்பின குழாயில இருந்தது நாயோட எச்சில்! ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்குத்தான் மானம் போகுது."

வாசலில் படுத்திருந்த நாய், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று வாலை ஆட்டியது.

மரபணுப் பரிசோதனைக் கம்பெனி ஒன்றில், வந்து சேரும் எச்சில் குழாய்களைப் பதிவு செய்வது அவள் வேலை. அம்மா குடல் புற்றுநோயில் போனவள். அது பரம்பரையாக வருகிற கோளாறா என்று இப்போது எச்சிலிலேயே பார்த்துவிடுகிறார்கள். தங்கைக்கு இல்லை என்று வந்துவிட்டது. இனி அவள் கவலையெல்லாம் அண்ணனைப் பற்றித்தான்.

"முதல் தடவை காபியைக் குடிச்சிட்டுத் துப்பினே. அடுத்த தடவை வெறும் தண்ணியைப் பிடிச்சு அனுப்பினே. அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டுத் துப்புறதுக்கு உனக்கு என்ன கேடு?"

"உங்க அண்ணியைக் கட்டின நாள்லேர்ந்து வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். எச்சிலே வத்திப் போச்சுடி, வாத்து."

"அம்மா பட்ட பாட்டைக் கண்ணால பார்த்தவன் நீ. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இப்படிப் பயந்து சாகிறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

அண்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டான்.

அடுப்படியிலிருந்து அண்ணி வந்தாள். பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்துத் தங்கை மடியில் போட்டாள்.

"பயந்தாங்கொள்ளின்னு மட்டும் சொல்லாதே. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

வேறொரு கம்பெனியின் அறிக்கை. அண்ணன் பெயர். தேதி நாலு மாதத்துக்கு முந்தையது. கோளாறு இருக்கிறது. கூடவே ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு: குடலைப் பார்த்தாயிற்று, இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் வர வேண்டும்.

தங்கை இரண்டையும் இன்னொரு தடவை படித்தாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"எங்க கம்பெனி இருக்கும்போது அங்க போய் ஏன் துப்பணும்? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொன்னா, உங்க கம்பெனியிலயும் பார்த்துடலாம்னு நிப்பே. அங்கதான் அண்ணன், தங்கச்சி ரெண்டு பேரோடதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எவ்வளவு ஒத்துப்போகுதுன்னும் போட்டுடுவாங்களாமே..."

"போட்டா போடட்டுமே! அதுல என்ன..."

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள்.

பட்டறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "ஏய் வாத்து! மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிடாதே. காபி குடிச்சிட்டுப் போ!"

வாத்து, எருமை, அழுமூஞ்சி, அரை டிக்கெட். இந்த நாற்பது வருஷத்தில் அவன் வைக்காத பட்டப்பெயர் இல்லை. அவளை அழவைத்துப் பார்ப்பதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

ஆனால், எல்லா வீட்டு அண்ணன்களும் தங்கச்சியிடம் சொல்கிற அந்த ஒன்றை மட்டும் அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.'