பாதி பாட்டில்

மலை உச்சிச் சுரங்கத்துக்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் எசெனின் வெள்ளைக் கார் முன்னமே வந்து நின்றிருந்தது. இன்ஜின் சூடு தணிய பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

துருஸ்பெக்குக்கு வயிறு எரிந்தது.

அவன் காரும் வெள்ளைதான். சகலைகள் இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே சந்தையில் வாங்கிய பழைய ஜப்பான் கார்கள். அவனுடையது மட்டும் இருமி, குலுங்கி, ஊர்ந்து வந்து சேர்ந்தது.

சகலையைக் கண்டால் சகலைக்குத் தலை அரிக்கும் என்பார்கள். துருஸ்பெக்குக்கு ஐந்து வருடமாக அரிக்கிறது.

மூத்த மருமகன் அவன். மாமனார் ஏறுவதோ இளையவன் காரில். கல்யாணமோ இழவோ, கிளம்பும்போது எசென் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பல்லிளித்தபடி நிற்பான். கிழவர் நேராகப் போய் உட்கார்ந்துகொள்வார். பின்சீட்டில் பெண்கள். துருஸ்பெக்கின் பெண்டாட்டிகூடத் தங்கையோடு பேசிக்கொண்டு வர அங்கேதான் ஏறுவாள்.

இவன் காரில் சாமான். இன்று, பொரித்த ரொட்டி மூட்டையும் கால் கட்டிய ஓர் ஆடும்.

அதுவும் இன்றைக்கு! மைத்துனனுக்கு நிச்சயித்த பெண்ணின் காதில் தோடு போட தலாஸுக்குப் போகிறார்கள். தோடு மாமனாரின் சட்டைப்பையில். அவர் இருக்கும் கார்தான் சம்பந்தி வீட்டு வாசலில் முதலில் நிற்கும். அதை ஓட்டி வருகிறவனுக்குத்தான் முதல் மரியாதையாக அங்கி போர்த்துவார்கள்.

அதைப் பொறுக்க முடியாமல்தான் முந்தாநாள் மெக்கானிக்கிடம் போய் அந்தப் பாட்டிலை வாங்கினான். பெட்ரோலில் கலந்தால் இன்ஜெக்டர் அடைப்பைக் கழுவிவிடும் என்று கடைக்குக் கடை கூவி விற்கிறார்களே, அந்த மருந்து.

"நிஜமாவே வேலை செய்யுமா?"

"டேங்க் சுத்தமா இருந்தா கொஞ்சம் செய்யும். உன் வண்டி மாதிரி அழுக்கு டேங்குல ஊத்தினே, அடியில கிடக்குற கசடெல்லாம் கிளம்பி ஃபில்டரை அடைச்சிரும். மேட்டுல வண்டி படுத்துரும். சுரங்கத்துக்குள்ள படுத்தா, புகையிலயே போய்ச் சேர வேண்டியதுதான்."

துருஸ்பெக் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டான்.

இன்று காலை எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மாமனார் வீட்டு முற்றத்தில் அதை ஊற்றினான். பாதிதான் ஊற்ற முடிந்தது. உள்ளே யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டதும் பாட்டிலை மதிலோரம் வைத்துவிட்டு நழுவிவிட்டான்.

இப்போது எசென் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணே! நீங்க என் டேங்குல மருந்து ஊத்தினதை ஜன்னல்ல பாத்தேன். இதை ஏன் ஒளிச்சு செய்யணும்? போன மாசம்தான் டேங்கைக் கழட்டிக் கழுவினேன், இன்ஜெக்டர்தான் பாக்கி இருந்துச்சு. இன்னைக்கு வண்டி குதிரையாட்டம் ஏறுது!"

ஒரே கார், ஒரே பங்க் பெட்ரோல், அழுக்கு மட்டும் வேறாகவா இருக்கும் என்று நினைத்தவன் துருஸ்பெக். பாவி, கழுவியிருக்கிறான். மேட்டில் படுக்க வேண்டிய கார் அங்கே பளபளவென்று நின்றது.

மாமனார் இறங்கி வந்தார். கல்பாக் தொப்பியைச் சரிசெய்து, உள்ளங்கைகளை விரித்து, நடுரோட்டில் நின்று துருஸ்பெக்குக்கு ஆசி சொன்னார். செய்ததைச் சொல்லிக்காட்டாத கை நீண்டு வாழட்டும் என்றார். ஆசியை ஏற்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். துருஸ்பெக்கும் தடவிக்கொண்டான். முகம் கொதித்தது.

பிறகு கிழவர் துருஸ்பெக்கின் காருக்கு நடந்தார். தானே கதவைத் திறந்தார். முன்சீட்டில் கிடந்த மூட்டையைப் பின்னால் ஆட்டின் மேல் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

துருஸ்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வருடம்! எசெனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தான். சாவியைத் திருப்பினான்.

எசென் ஜன்னலில் குனிந்தான். அவன் முகத்தில் பொறாமையே இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க முன்னால போங்கண்ணே. மீதிப் பாதியை வீணாக்குவானேன்னு கையோட கொண்டாந்தேன். அடிவாரத்துல நீங்க கைகழுவப் போனப்போ உங்க டேங்குல ஊத்திட்டேன்."

கடைசி இரண்டு திருப்பங்களில் கார் இருமியது வழக்கமான இருமல் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எதிரே சுரங்கத்தின் வாய். மூன்று கிலோமீட்டர் இருட்டு.

மருந்து ஃபில்டரை அடைத்துவிடும் என்று சொல்லலாம். சொன்னால், அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்தே எசெனுக்கு ஏன் ஊற்றினாய் என்று கேட்பார்கள்.

இன்ஜின் ஒருமுறை விக்கியது.

அவன் சாவியைத் திருப்பி அணைத்தான்.

"மாமா... நீங்க எசென் வண்டியிலயே போங்க. இந்தச் சீட்டு சரியில்ல."

கிழவர் உடனே இறங்கவில்லை. சட்டைப்பையிலிருந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பெரியவங்களை யாராவது கூப்பிட்டுத்தான் குதிரைல ஏத்தணும், மாப்ள. எசென் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்துட்டு நிப்பான். நீங்க ஒரு நாளாவது கூப்பிடுவீங்கன்னு அஞ்சு வருஷமா பாத்தேன். இன்னைக்கு வெக்கத்தை விட்டுட்டு நானா ஏறினேன்."

துருஸ்பெக் சுற்றி வந்து, முதல்முறையாக அவருக்காகக் கதவைத் திறந்தான்.

இறங்குவதற்கு.