மண்ணெண்ணெய் மணம்

பல்கலைக்கழக விடுதியிலிருந்து குருநகர் வீட்டுக்கு வந்த ஜெசிதா, வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, முன்னறைக்கை மண்ணெண்ணெய் மணக்குது. ஆரும் போட் எஞ்சின் கொண்டந்து வைச்சவையோ?"

"கொண்ணையோடை போன எஞ்சின் எங்காலை வரும்?" அருமைநாயகி மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. கம்பஸுக்குப் போய் உனக்கு மூக்கு நீண்டு போச்சு."

அண்ணன் டினேஸ் கடலுக்குப் போய் ஒரு வருடம். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் அவன் பெயரை வாசிக்கத் தாய் விடவே இல்லை. "அவன் வருவான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மறுநாள் ஜெசிதாவுக்கும் மணம் தெரியவில்லை. அவள் படிப்பது உளவியல். காரணம் தெரியும். மாறாமல் இருக்கும் மணத்தை மூக்கு கணக்கில் எடுக்காது. மாறினால்தான் அது விழித்துக்கொள்ளும்.

அன்று மாலை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் கோயிலுக்குப் போனாள். பெயரைக் கொடுத்தாள். பாதர் பூசையில் டினேஸின் பெயரை வாசித்தார். மணி அடித்தது. இனியாவது அம்மா ஆறட்டும் என்று நினைத்தபடி வீடு திரும்பினாள்.

அருமைநாயகி முன்னறையின் நடுவில் நின்று காற்றை மோந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, நீ சொன்னது சரிதான். இஞ்சை மண்ணெண்ணெய் மணம் இருந்திருக்கு. கோயில் மணி அடிச்ச கையோடை அது இல்லாமப் போச்சு."

ஜெசிதா மூச்சை இழுத்துப் பார்த்தாள். மீன் மணம் மட்டும்தான் வந்தது.

தாய் மெல்லத் திரும்பினாள்.

"நீ எங்கை போட்டு வாறாய்?"