இன்னும் கொஞ்ச நேரம்

மடுல்கெல்லைக்கு மேலே, ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் பகலிலேயே லைட் எரிகிறது. ஜன்னல் கண்ணாடியை மூடுபனி அடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்டியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த லோஜினி உட்கார்ந்திருப்பது இங்கே கணக்கெழுதிவந்த மருதமுத்து கிளாக்கரின் கதிரையில். அதன் முதுகில் அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது. போன மாதம், தேயிலை ஏலக் கணக்கு என்று மின்னஞ்சலில் வந்த கோப்பொன்றை அவர் திறந்தார். அது வைரஸ். தோட்டத்துக் கணக்கெல்லாம் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டது. அதுவரை கணினிக்குப் பாதுகாப்புப் போட யாருக்கும் தோன்றவில்லை. பழியைப் போட மட்டும் ஆள் கிடைத்தார். வேலை போயிற்று. இனி ஆபத்தான கோப்பு எது வந்தாலும், யார் அழுத்தினாலும், திறக்கக் கூடாதென்று லோஜினி கணினிக்குக் கட்டளை போடுகிறாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மருதமுத்துவே வந்து நிற்கிறார். மூலையில் கிடந்த குடையையும் சோற்றுப் பெட்டியையும் பையில் வைக்கிறார். ஸ்வெட்டரைக் கேட்கத் தயங்கி, திரையைப் பார்க்கிறார்.

"இதை முன்னமே செஞ்சிருந்தா அது தொறந்திருக்காதா, புள்ள?"

"தொறந்திருக்காது சேர்."

"பெரிய வேலைதான் போல?"

தொடங்கும்போது கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறக்கிறது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"ஆமா சேர். பின்னேரம் வரைக்கும் இழுக்கும்" என்கிறாள். எழுந்து ஸ்வெட்டரை எடுத்து, மடித்து, அவர் கையில் கொடுக்கிறாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கி மறையும்வரை, முடிந்த பக்கத்தையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கிறாள்.